இளஞ்சூடு

கோணிச் சாக்கு மறுபடியும் காய்ந்துவிட்டது. வேதவல்லி பாலத்தடி ஓடையில் ஒரு வாளி தண்ணீர் மொண்டு, பட்டுப்புடவையின் கொசுவத்தைத் தூக்கி இடுப்பில் செருகிக்கொண்டு வேனுக்குள் ஏறி, அடுக்கியிருந்த பாலிதீன் பைகளின் மேல் கிடந்த சாக்கை நனைத்தாள். ஒவ்வொரு பையிலும் கால்பங்கு தண்ணீர், மீதி ஆக்சிஜன், தண்ணீருக்குள் டிரவுட் மீன் குஞ்சுகள். மலை வெயிலை நம்பக் கூடாது. நிழலில் நின்றால் பல் கிட்டும், வெயிலில் நின்றால் உச்சி பொசுங்கும். இதில் பட்டுப்புடவை வேறு. "எல்லாரும் பட்டு கட்டிட்டு வந்துடுங்க, போட்டோல எடுப்பா இருக்கணும்" என்று பண்ணை மேலாளர் கனகசபை நேற்றுச் சொன்னார். பண்ணையில் புடவை கட்டுகிற ஆள் அவள் ஒருத்திதான், ஆக எல்லாரும் என்றால் அவள்தான். பெரியவர் இன்னும் விருந்தினர் மாளிகையை விட்டுக் கிளம்பவில்லை. பெரியவர் என்பது சாத்தப்பன், பண்ணையை நடத்தும் அறக்கட்டளையின் தலைவர், இன்றைக்கு அவருக்கு மணிவிழா. காலையில் ஹோமம், கலசாபிஷேகம், அறுபது முடிந்த கையால் மனைவி மெய்யம்மை ஆச்சிக்கு இன்னொரு தாலி, அதெல்லாம் ஆனதும் ஓடையில் மீன் குஞ்சு விடுவதாக ஏற்பாடு. உயிர்களுக்கு வாழ்வு கொடுத்தால் கொடுத்தவருக்கு ஆயுள் கூடுமாம். ஹோமம் இழுத்துக்கொண்டே போய், குருக்கள் தட்டை நீட்டி முடிப்பதற்குள் வெள்ளிக்கிழமை ராகுகாலம் வந்து வாசலில் உட்கார்ந்துவிட்டது. மனிதர்கள் உள்ளே காப்பி குடித்துக்கொண்டு அதைக் கழிக்கலாம். பைக்குள் இருப்பவற்றுக்கு ராகுவாவது கேதுவாவது, மூச்சுதான் கணக்கு. அவள் ஒரு பையின் ஓரத்தைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தாள். கொழுகொழுவென்று இருந்தன. பின்னாலேயே கனகசபை வந்து எட்டிப்பார்த்து, "என்ன வளத்தி பாத்தீங்களா மேடம். போன வருசம் இதே மாசில இதுல பாதிகூட இல்ல. கைராசின்னா உங்க கைராசிதான்" என்றார். அவள் சிரித்தாள். ஒரு மாதமாக இந்தச் சிரிப்பைத்தான் சிரிக்கிறாள், கன்னம் அதற்குப் பழகிவிட்டது. அவர் பந்தலைப் பார்க்கப் போனார்.

கைராசி. கையில் ராசியும் இல்லை ஒன்றும் இல்லை, தொட்டியில் ஒரு கம்பி இருந்தது, அவ்வளவுதான். கார்த்திகைக் கடைசியில் கனகசபை அழைப்பிதழ் மாதிரியைக் கொண்டுவந்து அவள் மேசைமேல் வைத்து, "மாசி ரோகிணிக்குக் குஞ்சு தயாராயிடுமா மேடம்? ஆகாதுன்னா ஆகாதுன்னு சொல்லிடுங்க, புறா கிறா பாத்துக்கலாம்" என்று கேட்டார். வற்புறுத்தவே இல்லை. இந்த இடத்தை அவள் எத்தனையோ தடவை புரட்டிப் பார்த்துவிட்டாள், எங்கேயாவது ஓர் அதட்டல், ஒரு முகச்சுளிப்பு கிடைத்தால் அதைப் பிடித்துக்கொண்டு கரையேறிவிடலாமே என்று. கிடைக்கவில்லை. ஆகாது என்றால் ஆகாது என்று சொல்லச் சொன்ன மனிதரிடம் அவள்தான் ஆகும் என்று சொன்னாள். புறா என்றதும் ரோஷம் வந்துவிட்டது. மீன் படித்த ஒருத்தியைச் சம்பளம் கொடுத்து வைத்துக்கொண்டு புறா விடுவார்களா என்று உள்ளே ஏதோ கொதித்தது, கொதித்த வேகத்தில் வாய் முந்திக்கொண்டது. அவசரத்தில் அண்டாவுக்குள் கூடக் கை போகாது என்பார்கள், அவளுக்கு என்னவோ எல்லா இடத்திலும் கை சுலபமாகப் போய்விடுகிறது, எடுப்பதுதான் பாடு. மார்கழியில் தாய்மீன்களின் வயிற்றை நீவி முட்டை எடுத்து, ஆண்மீனின் பாலோடு கலந்து, தட்டுகளில் பரப்பி ஓடைத் தண்ணீரைத் திறந்துவிட்டபோதே தெரிந்தது, இந்தக் குளிருக்கு மாசி ரோகிணியாவது மண்ணாவது, பங்குனி பிறக்காமல் இவை ஆற்றுக்கு ஆகாது என்று. அதனால் மேல்தொட்டியில் சூடேற்றும் கம்பியைத் தொங்கவிட்டாள். கொதிக்கவா வைத்தாள்? பச்சைக் குழந்தையைக் குளிப்பாட்டும் பதம்கூட இல்லை. கையை விட்டால் விறைப்பு கொஞ்சம் குறைந்தாற்போல் இருக்கும், இளஞ்சூடு என்று சொன்னால்கூட அது மிகைதான். முட்டைக்கு அது போதும். உள்ளே எல்லாம் ஓட்டமும் நடையுமாக நடக்கும், கண் கறுக்கும், வால் துடிக்கும், தோல் கிழியும். ஆனால் சதை அப்படியில்லை. சதை என்பது இழை இழையாக ஓடுவது. குளிரில் கிடக்கிற முட்டைக்குள் அது நிதானமாக இழைக்குப் பக்கத்தில் இழை ஓட்டும். சூட்டில் கிடக்கிற முட்டைக்குள் அதற்கு நேரம் கிடைப்பதில்லை, ஓட்டிய மட்டும் போதும் என்று முடிச்சுப் போட்டுவிட்டு வெளியே வந்துவிடும். பிறகு தீனி போட்டால் இருக்கிற இழை தடிக்கும், உடம்பு பார்வைக்கு நன்றாக இருக்கும், எதிர்த் தண்ணீரில் நிற்கச் சொன்னால்தான் சாயம் வெளுக்கும். எல்லா மீனுக்கும் இது இப்படியேதான் என்று சொல்ல முடியாது, மீனுக்கு மீன் மாறும். ஆனால் அவள் பார்த்த மீனுக்கு இதுதான். கல்லூரியில் அவள் ஆராய்ச்சிக்கு எடுத்துக்கொண்டதே இதைத்தான். வால்பக்கத்துச் சதையை வெங்காயச் சருகு மாதிரி சீவி, சாயம் ஏற்றி, நுண்ணோக்கியின் கீழே வைத்து இழைகளை எண்ணி எண்ணிக் கண் பூத்துப்போனவள் அவள். "முட்டைக்குள்ள நாம காட்டுற அவசரத்த மீன் ஆயுசுக்கும் மறக்காது" என்று மேடையில் சொன்னாள், கைதட்டினார்கள், பரிசாகக் கொடுத்த சுவர்க் கடிகாரம் இன்னும் வீட்டில் ஓடிக்கொண்டிருக்கிறது. தெரியாமல் செய்தவர்களுக்கு ஒரு சமாதானம் இருக்கிறது. அவளுக்கு அதுவும் இல்லை. இதை நினைக்கும்போதெல்லாம் காது மடல் சூடாகிறது, பக்கத்தில் யாரும் இல்லாவிட்டாலும் தலையைக் குனிந்துகொள்ளத் தோன்றுகிறது.

சரி, சூடு வைத்ததையாவது ஆசையில் செய்தது என்று சொல்லிக்கொள்ளலாம். குழாய் விஷயத்தை எதில் சேர்ப்பது? குஞ்சுகள் வெளியே வந்து, வயிற்று மஞ்சள் கரைந்து, தீனி தின்னப் பழகியபின் ஒருநாள் தொட்டியில் குழாயை முழுக்கத் திறந்துவிட்டாள். டிரவுட் குஞ்சுக்கு ஓடுகிற தண்ணீரைக் கண்டால் உடனே தலையை அதற்கு எதிராகத் திருப்பிக்கொண்டு நிற்கிற குணம், பால் பூத் வரிசை மாதிரி எல்லாம் ஒரே பக்கம் பார்த்துக்கொண்டு நிற்கும். இவையும் திரும்பின. திரும்பி வாலைப் படபடவென்று அடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றன, அவளுக்கு உயிர் வந்தது. அப்புறம் ஒன்று பின்னால் நழுவியது. இன்னொன்று. அப்புறம் கூட்டமாக நழுவிப் போய்த் தொட்டியின் கோடியில் இருந்த வடிகால் வலையில் பக்கவாட்டில் ஒட்டிக்கொண்டன, வாய் மட்டும் திறந்து திறந்து மூடியது. அந்தச் சமயத்தில் வெளியே கனகசபையின் செருப்புச் சத்தம் கேட்டது. அவள் குழாயைத் திருகினாள். யோசித்துச் செய்யவில்லை, கை தானாகச் செய்தது. தண்ணீர் அடங்கியதும் குஞ்சுகள் வலையை விட்டு வந்து நாலா பக்கமும் சமர்த்தாக நீந்தின, அவர் வந்து பார்த்துவிட்டு "ஆகா" என்றார். அன்றிலிருந்து குழாய் குறைந்தேதான் ஓடுகிறது. நின்ற தண்ணீரில் எல்லாருமே நீச்சல்காரர்கள்தான். ஒரே ஒரு தட்டு முட்டையை மட்டும் சூடில்லாத பழைய கால்வாயில் போட்டு வைத்திருந்தாள், ஏன் என்று கேட்டால் அவளுக்கே சொல்லத் தெரியாது, திருடன் வீட்டிலும் ஒரு சாமி படம் மாட்டியிருக்குமே அந்த மாதிரி. அவை இப்போதுதான் மஞ்சள் கரைந்து மேலே எழும்பத் தொடங்கியிருக்கின்றன, இத்தனூண்டு, எதற்கும் உதவாத உருவம். ஆனால் அந்தக் கால்வாயில் தண்ணீர் இழுக்கிற இழுப்பில் அசையாமல் நிற்கின்றன. அவள் அந்தப் பக்கம் போவதை நிறுத்திவிட்டாள், தீனி போட வேறு ஆளை அனுப்புகிறாள். மீன் குஞ்சின் முகத்தில் விழிக்க வெட்கப்பட்டவள் என்று யாராவது எழுதி வைத்தால் அவள் பெயரைத்தான் எழுத வேண்டும். இந்தப் பாலத்தடியில் விடக் கூடாது என்றாவது சொல்லியிருக்கலாம். மேலே ஏறினால் ஒரு மடு இருக்கிறது, தேங்கின தண்ணீர், அங்கே விட்டால் இவை எப்படியாவது பிழைத்துக் கிடக்கும். ஆனால் அங்கே கார் போகாது, பந்தல் போட இடம் இல்லை, ஆச்சிக்கு முழங்கால் வலி. இங்கே தண்ணீர் பாலத்தைத் தாண்டினதும் பாறைச் சரிவில் விழுந்து வெள்ளையாக நுரைத்துக்கொண்டு போகிறது. ஏன் மேடம் மடுவுலதான் விடணுங்கிறீங்க என்று கனகசபை கேட்பார், கேட்டால் குழாயைப் பற்றிச் சொல்ல வேண்டி வரும், குழாய் என்றால் கம்பி, கம்பி என்றால் புறா. ஒரு நூலைப் பிடித்து இழுத்தால் புடவையே பிரிந்துவிடும். அவள் ஒன்றும் சொல்லவில்லை. இப்போதும் நேரம் இருக்கிறது, போய்ச் சொல்லலாம் என்று எழுந்தாள், பிறகு சாக்கு சரியாக நனையவில்லை என்று மறுபடி உட்கார்ந்துகொண்டாள்.

பந்தல் காலில் அழைப்பிதழைப் பெரிதாக அச்சடித்துக் கட்டியிருந்தார்கள். ரோகிணி நட்சத்திரமும் சுபயோகமும் கூடிய நன்னாளில். எத்தனை தடவை பார்த்தாலும் கண் அந்த ஒரு வார்த்தையில் போய்த்தான் தட்டுகிறது. ஊரில் இருபத்தேழு நட்சத்திரம் இருக்கும்போது இந்த மனிதர் போயும் போயும் ரோகிணியிலா பிறக்க வேண்டும். ரோகிணியில் பிறந்தால் தாய்மாமனுக்கு ஆகாது. அவள் இதையெல்லாம் நம்புகிறவள் இல்லை, நம்பாதவள் என்றே ஊரெல்லாம் பேர். ஆனால் மகள் பவிஷ்கா வயிற்றில் இருந்தபோது தம்பி குமரேசன் பைக்கில் போய் லாரியில் மோதி, காலில் கம்பி வைத்துக் கட்டிலில் கிடந்தான். அதே மாதத்தில் டாக்டர் சொன்ன தேதியைக் காலண்டரில் பார்த்தாள், ரோகிணி. அடுத்த பக்கத்தைத் திருப்பினாள், பிறகு மறுபடி இந்தப் பக்கத்தைத் திருப்பினாள். யாரிடமும் சொல்லவில்லை. அம்மாவிடம்கூடச் சொல்லவில்லை. தனியாகப் போய் டாக்டரிடம், "வீட்டுல பெரியவங்க ஒரு நாள் பாத்திருக்காங்க டாக்டர், திருவோணத்துல எடுத்துட்டா நல்லதுன்னு ஆசப்படுறாங்க" என்று தயங்கித் தயங்கிச் சொன்னாள். டாக்டருக்கு இது பழக்கம்தான், வாரத்துக்கு நாலு பேர் கேட்கிறார்கள். "ஒண்ணும் பயமில்ல, மாசம் நெறஞ்சதுதான், எடுத்துடலாம்" என்றார். இன்னும் ஒன்பது நாள் உள்ளே இருந்திருக்க வேண்டியவளைத் திருவோணத்தில் எடுத்தார்கள். நல்ல நிறம், நல்ல எடை, பார்த்தவர்கள் எல்லாம் கொழுகொழுவென்று இருக்கிறாள் என்றார்கள். அந்த வார்த்தை. வார்டுக்கு வந்த டாக்டர் மாமியாரைப் பார்த்து, "என்னம்மா, நீங்க கேட்ட நட்சத்திரத்துலயே பேத்தி வந்தாச்சு, திருப்திதானே?" என்று சிரித்தார். மாமியார் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர், ராகுகாலத்தில்தான் புதுப்புடவை கட்டுவேன் என்று வீம்புக்குக் கட்டுகிறவர். அவர் டாக்டரைப் பார்த்தார். பிறகு கட்டிலில் கிடந்த வேதவல்லியைப் பார்த்தார். பார்த்துவிட்டு, "ஆமா டாக்டர்" என்றார். அவ்வளவுதான், அப்புறம் அதைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. குழந்தை குப்புற விழ நாளாயிற்று, நிற்க நாளாயிற்று, மற்ற பிள்ளைகள் ஓடுகிற வயசில் சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தது. அக்கம்பக்கத்தில் மாமியாரைத்தான் சொன்னார்கள், நட்சத்திரம் பார்த்து அவசரப்பட்ட கிழவி என்று. அதுவும் அவர் காதில் விழுந்திருக்கும். சாயங்காலமானால் நல்லெண்ணெயைச் சூடுபண்ணிப் பேத்தியின் காலை மடியில் போட்டுக்கொண்டு நீவிக்கொண்டிருப்பார். வேதவல்லி அடுக்களையில் நின்றுகொண்டு அந்தச் சத்தத்தைக் கேட்பாள். இரண்டாவது டாக்டரும் மூன்றாவது டாக்டரும் ஒரே மாதிரிதான் சொன்னார்கள், "அதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லம்மா, சில பிள்ளைங்க அப்படித்தான், தேறிடும்." சரிதான். மனுஷக் குழந்தை மீன் முட்டை இல்லை, அது அவளுக்குத் தெரியாதா. தெரிந்து என்ன, ராத்திரி கண்ணை மூடினால் நுண்ணோக்கியின் வட்ட வெளிச்சமும் அதற்குள் எண்ணி முடியாத இழைகளும்தான் வருகின்றன. தப்பு நடந்ததா இல்லையா என்பதுகூட அவளுக்கு நிச்சயமில்லை. தப்பு தன்னுடையது என்பது மட்டும் நிச்சயமாக இருந்தது, அதை இன்னொருத்தர் தலையில் வைத்ததும்.

"மேடம், கெளம்பிட்டாங்களாம்" என்று கனகசபை பந்தலிலிருந்து குரல் கொடுத்தார். ராகுகாலம் முடிந்துவிட்டது போல. அவள் பைகளை ஒவ்வொன்றாக எடுத்து ஓடையோரம் தண்ணீரில் மிதக்கவிட்டாள். உள்தண்ணீரும் வெளித்தண்ணீரும் ஒரே குளிருக்கு வந்தபிறகுதான் பையைத் திறக்க வேண்டும், இல்லாவிட்டால் குஞ்சு அதிர்ச்சியிலேயே போய்விடும். இந்த ஒரு மரியாதையையாவது முறையாகச் செய்கிறோம் என்று நினைத்தாள், நினைத்ததற்கும் கூசியது. ஓடையின் நடுவில் தண்ணீர் பாறைகளைத் தேய்த்துக்கொண்டு போகிற வேகம் கண்ணை இழுத்தது. தை மாதத்தில் பள்ளிக்கூட விளையாட்டு விழாவிலும் இப்படித்தான் மைதானத்தில் போட்டிருந்த ஒரு வெள்ளைக் கோட்டைப் பார்த்துக்கொண்டே நின்றாள். ஒன்றாம் வகுப்புப் பெண்களுக்கு ஓட்டப்பந்தயம். விசில் ஊதினதும் மற்றவை சிட்டாகப் பறந்துவிட்டன. பவிஷ்கா இரண்டு கையையும் மடக்கி மார்போடு வைத்துக்கொண்டு, பாதத்தைத் தட்டித் தட்டிப் போட்டு, தன் பங்குக்கு முழு வேகத்தில் ஓடிவந்தாள். முகத்தில் சிரிப்பு வேறு. எல்லாரும் கோட்டைத் தாண்டித் தண்ணீர் குடிக்கப் போனபிறகும் அவள் பாதி மைதானத்தில் ஓடிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் நின்ற ஒரு அம்மா, யாரோ, பாவம், கெட்ட எண்ணத்தில் இல்லை, "அய்யோ, அது யாரு வீட்டுக் கொழந்த?" என்றாள். ஓடிக்கொண்டே பவிஷ்கா கூட்டத்தில் முகம் முகமாகத் தேடினாள். அம்மா எங்கே என்று தேடுகிறாள் என்பது யாருக்கும் தெரியும். வேதவல்லி இரண்டு அடி பின்னால் வைத்து ஷாமியானாக் கம்பத்துக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள், போனைக் காதில் வைத்துக்கொண்டாள், போனில் யாரும் இல்லை. கோட்டைத் தொட்டபிறகு மூச்சு வாங்கிக்கொண்டே வந்து அவள் புடவையைப் பிடித்து, "அம்மா, நீ எங்க நின்ன? நான் பாத்துட்டே வந்தேன்" என்றாள். "இங்கதான்டி நின்னேன்." குழந்தை நம்பிவிட்டது. நம்பிவிட்டு, "அப்ப நான் ஓடினத பாத்தியா?" என்றது. பார்த்தேன் என்றாள். மறுவாரம் வகுப்பு டீச்சரைத் தனியாகப் பார்த்து, இனிமேல் ஓட்டத்தில் சேர்க்காதீர்கள், பாட்டு, கைவேலை என்று ஏதாவதில் போடுங்கள் என்று கேட்டுக்கொண்டாள். குழந்தையின் நன்மைக்கு என்றுதான் சொன்னாள். அந்தக் குழாயைத் திருகிய கையும் இந்தக் கைதான் என்பது இப்போது, ஓடைத் தண்ணீரில் விரல் விறைத்துப்போய் ஒரு பையின் ரப்பர் வளையத்தை அவிழ்க்கும்போதுதான் அவளுக்கு உறைத்தது. பெற்ற பிள்ளையைப் பார்த்து வெட்கப்பட்டோம் என்பதைவிட வெட்கம் ஒன்று உண்டா. பின்னால் கார்க் கதவுகள் சாத்துகிற சத்தம் கேட்டது, நாயனக்காரர் சீவாளியைச் சரிபார்த்தார்.

சாத்தப்பன் மாலையும் கழுத்துமாக, ஜரிகை வேட்டியை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு இறங்கி வந்தார். ஆச்சி புதுத்தாலி வெளியே தெரிய, முழங்காலைப் பிடித்துக்கொண்டே பின்னால் வந்தார். நல்ல மனிதர்கள், அதுதான் கஷ்டம். வேதவல்லியைப் பார்த்ததும் பெரியவர் கும்பிட்டு, "எம் பொண்ணு மாதிரி ஆத்தா நீ. ஒன்னாலதான் இந்தப் புண்ணியம்" என்றார். கனகசபை ஒலிபெருக்கியைப் பிடித்து நாலு வார்த்தை பேசினார், மேடத்தின் உழைப்பு, மேடத்தின் படிப்பு, கடைசியில், "நாம என்னங்க செய்யப் போறோம், கொண்டாந்து விடறதுதான் நம்ம வேல, மீன் குஞ்சுக்கு நீச்சலா கத்துக்கொடுக்கணும்?" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நாயனம் ஆரம்பித்தது. முதல் பையைப் பித்தளைக் குண்டானில் ஊற்றி, மஞ்சள் பூசின கையோடு பெரியவரும் ஆச்சியும் சேர்ந்து பிடித்துத் தண்ணீரில் சாய்த்தார்கள். குஞ்சுகள் ஒரு பிடி கோதுமையைக் கொட்டினாற்போல் விழுந்தன, ஒரு கணம் கலைந்தன, பிறகு தலையைத் திருப்பின. அவள் மூச்சை அடக்கிக்கொண்டாள். நில்லுங்கள், நில்லுங்கள், ஒரு நிமிஷமாவது நில்லுங்கள். படபடவென்று வால் அடித்துக்கொண்டு நின்றன. பிறகு ஒன்று நழுவியது. மொத்தக் கூட்டமும் பக்கவாட்டில் சாய்ந்து, பாலத்தடியை நோக்கி, வெள்ளை நுரையை நோக்கிச் சரசரவென்று போயிற்று. "பாத்தீங்களா, என்ன வேகமா ஓடுது!" என்று யாரோ சொன்னார்கள். கூட்டம் கைதட்டியது. கல்லூரியில் கைதட்டினார்களே, அதே சத்தம். பெரியவர் சின்னப் பிள்ளை மாதிரி சிரித்தார், "புலிக்குட்டிக ஆத்தா. அடுத்ததக் கொடு" என்று கையை நீட்டினார். பை அவள் கையில் இருந்தது. கொடுத்தால் போதும், இன்னும் நாலைந்து பை, அப்புறம் போட்டோ, அப்புறம் சாப்பாடு, யாருக்கும் ஒன்றும் தெரியப்போவதில்லை. ஓடைக்குள் போனது போனதுதான், ஓடை யாரிடம் போய்ச் சொல்லப்போகிறது. அவள் பையைக் கொடுக்கவில்லை. அவிழ்ந்த வாயைத் திருகி மறுபடி ரப்பர் வளையத்தைப் போட்டாள், கரையில் வைத்தாள், பட்டுப்புடவையோடு ஓடைக்குள் இறங்கினாள். ஆச்சி "ஏ, வழுக்கிருச்சு, பிடிங்க பிடிங்க" என்று பதறினார். வழுக்கவில்லை. முழங்கால் வரை குளிர் வெட்டியது, புடவை நனைந்து இழுத்தது. சரிவுக்கு முன்னால் போய், தண்ணீருக்கு முகத்தைக் காட்டிக்கொண்டு, இரண்டு காலையும் சேர்த்து ஊன்றி நின்றாள். பாதிக்கு மேல் போய்விட்டிருந்தன. பின்தங்கி வந்தவை மட்டும் அவள் காலில் மோதி, சுற்றிக்கொண்டு, ஆடுசதைக்குப் பின்னால் இருந்த கையகலத் தேக்கத்தில் வந்து ஒதுங்கின. குதிகாலில் ஏதோ சின்னதாகத் தொட்டுத் தொட்டுப் போயிற்று. நாயனம் நின்றுவிட்டது. "என்ன ஆத்தா, என்ன ஆச்சு?" என்றார் பெரியவர். "இது ஓடலங்கய்யா" என்றாள். சத்தமாக மறுபடி சொன்னாள். "ஓடல. தண்ணி இழுத்துட்டுப் போகுது. இதுக்கு எதுத்து நிக்கத் தெம்பு கெடயாது. உங்க நட்சத்திரத்துக்குள்ள கொண்டாந்துடணும்னு முட்டையில நான்தான் சூடு வச்சேன். யாரும் வைக்கச் சொல்லல. மேல மடு இருக்கு, மீதியையாவது அங்க கொண்டுபோயி விடச் சொல்லுங்க." கனகசபை ஒலிபெருக்கியைக் கீழே இறக்கினார். பெரியவர் கையில் இருந்த காலிக் குண்டானைப் பார்த்தார், சரிவைப் பார்த்தார், அந்த முகத்திலிருந்து மணிவிழா போய்விட்டது. அதைப் பார்க்காமல் இருக்க முடியவில்லை, பார்த்தாள். போட்டோக்காரருக்கு மட்டும் ஒன்றும் புரியவில்லை. கேமராவை இறக்காமலே, "மேடம், ஃப்ரேம்ல நடுவுல நிக்கிறீங்க. எல்லாரும் உங்களையே பாக்குறாங்க. கொஞ்சம் அந்தத் தூண் பக்கம் ஒதுங்கிக்கங்க" என்றார். பாலத்தின் தூண் இரண்டு அடியில்தான் இருந்தது. கால் மரத்துப்போய், எங்கே முடிகிறது, எங்கே தண்ணீர் ஆரம்பிக்கிறது என்று தெரியாமல் இருந்தது.

"இல்ல" என்றாள். "நான் இங்கதான் நிக்கிறேன்."